ஃபெடோரா தொப்பி: நாகரிகத்தின் நிழலில் நடுங்கிய கைகள்



பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படங்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். துப்பறிவாளர், செய்தியாளர், கொள்ளைக் கூட்டத் தலைவன், வங்கி எழுத்தர் என எல்லாரும் ஏறத்தாழ ஒரே வகைத் தொப்பியை அணிந்திருப்பார்கள். உச்சியில் நீளவாக்கில் ஒரு பள்ளம், முன்புறம் இருபக்கமும் கிள்ளிவிட்டாற்போன்ற குழிவு, சுற்றிலும் வளையும் விளிம்பு, விளிம்புக்கு மேலே ஒரு நாடா. இதுவே ஃபெடோரா. அந்தக் காலத்துப் பாணியில் புதிதாகச் செய்யப்பட்ட இத்தொப்பிகள் இன்று கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. திருமண விருந்துக்கும் மேடை நிகழ்ச்சிக்கும் இளைஞர்கள் விரும்பி வாங்குகின்றனர்.

நல்ல தொப்பியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பேணுவது என்பதோடு அதன் வரலாற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன். இவற்றைப் பிரிக்க இயலாது என்பதே என் கருத்து. ஒரு தொப்பியை நீராவியில் காட்டலாமா, கூடாதா என்னும் சிறிய கேள்விக்குக்கூட விடை அதன் வரலாற்றில்தான் இருக்கிறது.

மேடையில் பிறந்த பெயர்

ஆண்மைக்கும் அதிகாரத்துக்கும் அடையாளமாகத் திரையில் காட்டப்பட்ட இத்தொப்பியின் பெயர் உண்மையில் ஒரு பெண்ணின் பெயராகும். பிரெஞ்சு நாடகாசிரியர் விக்டோரியன் சார்டூ எழுதிய 'ஃபெடோரா' என்னும் நாடகம் 1882 டிசம்பரில் பாரிஸ் நகரில் அரங்கேறியது. உருசிய இளவரசியான ஃபெடோரா என்னும் தலைமைப் பாத்திரத்தைப் புகழ்பெற்ற நடிகை சாரா பெர்ன்ஹார்ட் ஏற்று நடித்தார். அவருக்காகவே எழுதப்பட்ட நாடகம் அது. அடுத்த ஆண்டே, 1883இல், அமெரிக்காவில் ஃபேனி டேவன்போர்ட் அதே பாத்திரத்தை நடித்தார். நாடகத்தின் புகழோடு அப்பெயரும் மென்மையான ஒரு வகைத் தொப்பிக்கு ஒட்டிக்கொண்டது. இதே கதையைத் தழுவி இத்தாலிய இசையமைப்பாளர் உம்பெர்ட்டோ ஜியோர்டானோ 1898இல் இசை நாடகமும் படைத்தார்.

ஃபெடோராவின் நெருங்கிய உறவான 'டிரில்பி' தொப்பிக்கும் இப்படியே பெயர் வந்தது. ஜார்ஜ் டு மொரியேயின் 'டிரில்பி' நாவல் 1894இல் வெளிவந்தது. மறு ஆண்டு அது நாடகமாயிற்று. அதன் கதாநாயகி பெயரும் டிரில்பிதான். ஆக, 20ஆம் நூற்றாண்டின் ஆண்கள் தலையில் சுமந்த இரு தொப்பிகளுக்கும் பெயர் தந்தவர்கள் மேடையில் தோன்றிய இரு பெண் பாத்திரங்கள். இவ்விரு தொப்பிகளுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் விளிம்பில்தான் இருக்கிறது. ஃபெடோராவின் விளிம்பு அகலமானது. டிரில்பியின் விளிம்பு குறுகியது, பின்புறம் மேல்நோக்கி வளைந்தது.

மயிர் துணியாகும் விந்தை

தரமான ஃபெடோரா நெய்யப்படுவதில்லை, தைக்கப்படுவதும் இல்லை. அது 'ஃபெல்ட்' எனப்படும் பொருளால் ஆனது. விலங்கு மயிரின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உள்ளன. வெந்நீர், ஈரம், அழுத்தம், உரசல் ஆகியவற்றுக்கு உள்ளாகும்போது இச்செதில்கள் ஒன்றோடொன்று கொக்கியிட்டதைப் போல் பிணைந்துகொள்கின்றன. நூலும் இன்றித் தறியும் இன்றி ஓர் உறுதியான விரிப்பு உருவாகிறது.

தொழிற்சாலையில் மென்மயிரைக் காற்றில் ஊதி, துளைகள் நிறைந்த பெரிய கூம்பின்மீது படியச் செய்வார்கள். அப்படிக் கிடைக்கும் மெல்லிய கூம்பு, அணியப்போகும் தொப்பியைவிடப் பலமடங்கு பெரிதாக இருக்கும். அதை வெந்நீரில் நனைத்து, உருட்டி, அழுத்தி, மீண்டும் மீண்டும் சுருங்கச் செய்வார்கள். பின்னர்ச் சாயமேற்றி, மர அச்சின்மீது இழுத்துப் பொருத்தி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுவார்கள். விறைப்புக்கு அரக்கைச் சேர்ப்பதும் உண்டு.

எந்த விலங்கின் மயிர் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. நீரில் வாழும் பீவர் என்னும் விலங்கின் மயிரே மிக உயர்ந்ததாகக் கருதப்பட்டது. ஐரோப்பாவின் தொப்பி மோகம் பீவர்களை அக்கண்டத்தில் ஏறக்குறைய அழித்தேவிட்டது. பின்னர் வணிகர்களின் பார்வை வட அமெரிக்காவின் பக்கம் திரும்பியது. 1670இல் தொடங்கப்பட்ட ஹட்சன் பே நிறுவனத்தின் செல்வத்துக்கு அடித்தளமாக இருந்தது பீவர் தோல் வணிகமே. கனடாவின் நிலவரைபடம் விரிந்ததற்கும் தொப்பிக்கும் தொடர்பு உண்டு என்றால் அது மிகையாகாது.

பிற்காலத்தில் முயல் மயிர் பெரிதும் பயன்பட்டது. 1859இல் ஆஸ்திரேலியாவில் வேட்டைக்காக விடப்பட்ட முயல்கள் பெருகிப் பயிர்களையும் மேய்ச்சல் நிலங்களையும் பாழாக்கின. அந்தப் பெருந்தொல்லையையே மூலப்பொருளாக்கிக்கொண்டு வளர்ந்தது, இன்று 'அகூப்ரா' என்று அறியப்படும் ஆஸ்திரேலியத் தொப்பி நிறுவனம்.

காரட் நிறமும் பாதரசமும்

இனிதான் இக்கதையின் இருண்ட பக்கம் தொடங்குகிறது.

பீவர் மயிர் தானாகவே நன்றாகப் பிணையும். முயல் மயிர் அப்படியன்று. அதன் செதில்கள் எளிதில் எழும்பா. ஆகவே, பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அக்கரைசலைத் தோலின்மீது தூரிகையால் பூசினார்கள். மயிரின் நுனி செம்மஞ்சளாக மாறியதால், இவ்வேலைக்குக் காரட் கிழங்கின் பெயரையே வைத்தார்கள். பூசப்பட்ட மயிர் விரைவாகவும் இறுக்கமாகவும் பிணைந்தது. மலிவான மயிரிலிருந்து மேன்மையான தொப்பி கிடைத்தது.

ஆனால், அப்பாதரசம் மயிரிலேயே தங்கியது. வெந்நீரிலும் நீராவியிலும் தொப்பியை உருவாக்கும்போது அது ஆவியாகிக் கூடம் முழுவதும் பரவியது. காற்றோட்டம் குறைந்த அறைகளில் நாள்தோறும் அதைச் சுவாசித்த தொழிலாளரின் கைகள் நடுங்கத் தொடங்கின. எழுத்துக் கோணியது; சட்டைப் பொத்தானைப் பூட்டுவதும் கடினமாயிற்று. ஈறுகள் வீங்கின, பற்கள் ஆடின. உடலோடு மனமும் தளர்ந்தது. காரணமற்ற கூச்சம், எரிச்சல், மறதி, பிறர் தம்மைக் கவனிக்கிறார்களோ என்னும் அச்சம் ஆகியவை அவர்களை வாட்டின.

தொப்பிக்காரனைப் போல் பித்துப் பிடித்தவன் என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட 'ஆலிஸின் அற்புத உலகம்' கதையில் வரும் தொப்பிக்காரரைப் பிள்ளைகள் நன்கறிவர். அவ்வழக்கு அந்நூலுக்கு முன்பே மக்களிடையே வழங்கியது. அது எங்கிருந்து பிறந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும், தொப்பித் தொழிலாளர் பட்ட நோய் கற்பனையன்று. நாம் சிரித்துப் படிக்கும் ஒரு பாத்திரத்தின் பின்னால் உண்மையான மனிதர்களின் துன்பம் நின்றது என்பதை மாணவர்களுக்கும் சொல்லத்தான் வேண்டும்.

டான்பரி நகரத்தின் கதை

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டான்பரி என்னும் நகரம் உள்ளது. 'தொப்பி நகரம்' என்றே அதற்குப் பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்குள்ள தொழிற்சாலைகள் ஆண்டுக்கு இலட்சக்கணக்கான தொப்பிகளைச் செய்து குவித்தன. அந்நகரத்தின் பெயராலேயே இந்நோயும் அழைக்கப்பட்டது: 'டான்பரி நடுக்கம்'.

இந்நோயை எவரும் அறியாமல் இல்லை. நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த ஃபிரீமன் என்னும் மருத்துவர், தொப்பித் தொழிலாளரைத் தாக்கும் பாதரச நோயைப் பற்றி 1860ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். ஆனால், அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசப் பயன்பாடு முடிவுக்கு வந்தது 1941 டிசம்பரில்தான். இடைப்பட்ட காலம் 81 ஆண்டுகள்! 1930களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை தொப்பித் தொழிலாளரை ஆராய்ந்து, நோயின் அளவை வெளிப்படுத்தியது. ஐதரசன் பெராக்சைடைக் கொண்டு மயிரைப் பதப்படுத்தும் மாற்று வழியும் கிடைத்தது. இவற்றோடு இன்னொரு காரணமும் சேர்ந்தது. போர்க்காலத்தில் வெடிமருந்துக் கருவிகளுக்குப் பாதரசம் தேவைப்பட்டது. தொழிலாளரின் நடுங்கும் கைகள் 80 ஆண்டுகளாகச் செய்ய முடியாததை விரைவுபடுத்தப் போரின் தேவையும் கைகொடுத்தது என்பது சிந்திக்க வேண்டிய ஒன்றாகும்.

அக்காலத்தில் தொழிலாளர் குரலுக்கு எவ்வளவு வலிமை இருந்தது என்பதை டான்பரியின் இன்னொரு நிகழ்வு காட்டும். 1902இல் லோவி என்பவரின் தொழிற்சாலை தொழிற்சங்கத்தை ஏற்க மறுத்தது. சங்கம் வேலைநிறுத்தம் செய்ததோடு, அந்நிறுவனத்தின் தொப்பிகளை வாங்க வேண்டாம் என நாடெங்கும் கேட்டுக்கொண்டது. லோவி வழக்குத் தொடுத்தார். இத்தகைய புறக்கணிப்பு வணிகத்தைத் தடுக்கும் குற்றமாகும் என 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கத் தலைவர்கள் மட்டுமல்லர், இருநூறுக்கும் மேற்பட்ட எளிய உறுப்பினர்களும் பொறுப்பாளிகள் ஆக்கப்பட்டனர். அவர்களின் வீடுகளும் சேமிப்பும் முடக்கப்பட்டன. 1915இல் இறுதித் தீர்ப்பும் அவர்களுக்கு எதிராகவே அமைந்தது. அவ்வழக்கு பாதரசத்தைப் பற்றியதன்று. ஆனால், சங்கம் சேர்ந்ததற்கே வீட்டை இழக்கும் நிலையில் இருந்த ஒருவர், தம் நுரையீரலுக்காக எப்படி வாதாடியிருப்பார்?

தொழிற்சாலைகள் மறைந்தன, டான்பரியின் ஊடாக ஓடும் ஸ்டில் ஆற்றின் சேற்றில் பாதரசம் படிந்திருப்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

ஏற்றமும் இறக்கமும்

இத்துயரத்தை அறியாத தெருக்களில் ஃபெடோரா வெற்றிநடை போட்டது. இத்தாலியின் அலெசாண்ட்ரியா நகரில் 1857இல் ஜுசெப்பே போர்சாலினோ தொடங்கிய நிறுவனமும், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1865இல் ஜான் ஸ்டெட்சன் தொடங்கிய நிறுவனமும் உலகப் புகழ் பெற்றன. 1920களில் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் எட்வர்ட் மென்தொப்பியை விரும்பி அணிந்தது ஆண்களின் உடை வழக்கத்தையே மாற்றியது. விறைப்பான பழைய தொப்பிகள் பின்வாங்கின. 1942இல் வெளிவந்த 'காசாபிளாங்கா' படத்தில் ஹம்ஃப்ரி போகார்ட் அணிந்த ஃபெடோரா இன்றும் பலர் நினைவில் உள்ளது.

நம்மவர்க்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. பகத் சிங் என்றவுடன் நம் மனத்தில் தோன்றும் அந்தத் தொப்பி அணிந்த உருவம், 1929 ஏப்ரலில் டெல்லியில் எடுக்கப்பட்ட நிழற்படமாகும். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1928 டிசம்பரில், காவலர்களின் கண்களுக்குத் தப்பி லாகூரிலிருந்து வெளியேற அவர் தலைமயிரைக் குறைத்து, மேனாட்டுக் கோட்டும் தொப்பியும் அணிந்தார். ஆட்சியாளர்களின் உடையே ஆட்சியாளர்களிடமிருந்து தப்பிக்கும் கவசமாயிற்று.

பின்னர் வீழ்ச்சி வந்தது. 1961இல் பதவியேற்ற அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி தொப்பி அணியாததால்தான் தொப்பி வழக்கொழிந்தது எனப் பலர் எழுதுகின்றனர். இது சரியன்று. பதவியேற்பு நாளில் அவர் உயரமான பட்டுத் தொப்பியுடன் வந்த நிழற்படங்கள் உள்ளன. தொப்பி விற்பனை அதற்கு முன்பே சரியத் தொடங்கிவிட்டது. தாழ்ந்த கூரையுடைய கார்களும் இளைஞர்களின் மாறிய சுவையும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 1981இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் திரைப்படம் ஃபெடோராவுக்குப் புதிய உயிர் கொடுத்தது. ஆயினும் பழைய காலம் திரும்பவில்லை. போர்சாலினோ நிறுவனமே 2017இல் நொடித்துப்போய், மறு ஆண்டு புதிய உரிமையாளரிடம் சென்றது.

தேர்ந்தெடுக்கும் முறை

1. பொருள்: ஃபெல்ட் இரு வகைப்படும். செம்மறியாட்டுக் கம்பளியால் ஆனது விலை குறைவு. ஆனால் மழையில் நனைந்தால் சுருங்கி உருக்குலையக்கூடும். முயல் அல்லது பீவர் மயிரால் ஆனது விலை மிகுதி. மெல்லியதாக இருந்தாலும் உறுதியானது, ஈரத்தையும் நன்கு தாங்கும். அடிக்கடி மழை பெய்யும் நம் நாட்டில் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. வெயிலில் அணிவதற்கென்றால், இதே வடிவில் ஓலையால் பின்னிய தொப்பியே ஏற்றது.

2. அளவு: அளவு நாடாவை நெற்றியின் நடுவிலும் காதுகளுக்குச் சற்று மேலும் கிடைமட்டமாகச் சுற்றி அளக்க வேண்டும். 57 சென்டிமீட்டர் என்றால் அமெரிக்க அளவு ஏழும் எட்டில் ஒன்றும். பிரிட்டிஷ் அளவு ஏழு. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. சென்டிமீட்டர் அளவையே கேட்டு வாங்குவது நலம். சற்றுத் தளர்வாக இருந்தால் உட்பட்டைக்குள் மெல்லிய அட்டை வைத்துச் சரிசெய்யலாம். இறுக்கமான தொப்பியைப் பெரிதாக்குவது கடினம்.

3. விளிம்பு: முகத்துக்கும் தோளுக்கும் ஏற்ற அகலம் வேண்டும். ஒடுங்கிய முகத்துக்கு மிக அகலமான விளிம்பும், அகன்ற முகத்துக்கு மிகக் குறுகிய விளிம்பும் பொருந்தா. கண்ணாடியில் முகத்தை மட்டும் பார்க்காமல் முழு உருவத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

4. உட்புறம்: தொப்பியின் தரத்தை அறிய அதைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே தோலாலான வியர்வைப் பட்டை தைக்கப்பட்டிருந்தால் நன்று. வெறுமனே பசையால் ஒட்டிய துணிப்பட்டை நீண்ட நாள் உழைக்காது.

5. குறியீடு: உட்பட்டையில் காணும் எக்ஸ் குறிகளை மட்டும் நம்ப வேண்டாம். அவை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் அல்ல; ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வழங்குவன.

பேணும் முறை

திரைப்பட நாயகர்களைப் போல் முன்புறக் குழிவைப் பிடித்துத் தொப்பியைத் தூக்காதீர்கள். அந்த இடம் நாளடைவில் மெலிந்து கிழியும். விளிம்பை இரு கைகளாலும் முன்னும் பின்னும் பிடிப்பதே முறை. கீழே வைக்கும்போது விளிம்பு தரையில் படாதவாறு தலைகீழாக வையுங்கள்.

அணிந்த பிறகு மென்மையான தூரிகையால் மயிரின் போக்கிலேயே, இடஞ்சுழியாகத் துடையுங்கள். கறுப்புத் தொப்பிக்கு ஒன்றும் வெளிர்நிறத் தொப்பிக்கு ஒன்றுமாக இரு தூரிகைகள் இருப்பது நல்லது.

மழையில் நனைந்தால் உட்பட்டையை வெளிப்புறமாகத் திருப்பி, அதன்மீதே தொப்பியை நிறுத்தி, நிழலில் உலரவிடுங்கள். வெயிலிலோ மயிர் உலர்த்தும் கருவியாலோ காயவைத்தால் தோற்பட்டை சுருங்கும். பிறகு தொப்பி தலைக்குள் நுழையாது. நண்பகல் வெயிலில் நிறுத்திய காருக்குள் தொப்பியை விட்டுச் செல்வதும் அதே கேட்டையே தரும்.

உருக்குலைந்த புதிய தொப்பியைக் கொதிக்கும் கேத்தலின் ஆவியில் சில நொடிகள் காட்டி, விரல்களால் மெல்லச் சீர்படுத்தலாம்.

நம் தட்பவெப்பத்தில் பெரும்பகை பூசணமும் அந்துப்பூச்சியும் ஆகும். வியர்வையைத் துடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே பெட்டியில் வையுங்கள். காற்றுப்புகாத நெகிழிப்பையில் கட்டி வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பெட்டியில் இட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். மாதம் ஒருமுறையேனும் தொப்பியை வெளியே எடுத்துத் தூரிகையிட்டாலே அந்துப்பூச்சியின் முட்டைகள் நீங்கும்.

உண்மையிலேயே பழைய தொப்பியா?

மேலே கூறியவை பழைய பாணியில் செய்யப்பட்ட புதிய தொப்பிகளுக்குப் பொருந்தும். தாத்தா வைத்திருந்த தொப்பி, பழம்பொருள் கடையில் வாங்கிய தொப்பி ஆகியவற்றுக்கு வேறு விதி. 1941க்கு முந்தைய ஃபெல்ட் தொப்பிகளில் பாதரசம் இன்னும் தங்கியிருக்கக்கூடும். பழைய தொப்பிகளைக் கையாளும் அருங்காட்சியகப் பணியாளர்கள் கையுறை அணிவது இதனால்தான்.

ஆகவே, காலம் தெரியாத பழைய தொப்பியை ஆவியில் காட்டாதீர்கள். சூடு பட்டால் பாதரசம் ஆவியாகும். தூரிகையால் தூசு பறக்கத் துடைக்காதீர்கள். பிள்ளைகளின் மாறுவேடப் போட்டிக்கு அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தொட வேண்டியிருந்தால் நைட்ரைல் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் எடுத்து, பிறகு மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் மேல் எச்சரிக்கையும் எழுதி வையுங்கள். அது அணியும் பொருளன்று, ஆவணம்.

ஒரு தொப்பி பழையது என்பதற்காகவே அது உயர்ந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். பழைய கைவினையின் நேர்த்தியை நான் மறுக்கவில்லை. ஆயினும், அந்நேர்த்திக்கு விலை கொடுத்தவர்கள் அதை வாங்கி அணிந்தவர்கள் அல்லர். அவர்கள் நிழற்படத்தில் இல்லை; திரைப்படத்திலும் இல்லை. அதனால் பழைய பாணி வேண்டுவோர் புதிய தொப்பியை வாங்குங்கள். ஒன்றே ஒன்று வாங்கினாலும் நல்லதாக வாங்கி, இருபது ஆண்டு உழைக்குமாறு பேணுங்கள். விலை கேட்கும்போது, அது எந்த மயிரால், எங்கே, எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் ஒரு வார்த்தை கேளுங்கள். டான்பரித் தொழிலாளருக்காக அன்று எந்த வாடிக்கையாளரும் கேட்காத கேள்வி அது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்